வழுவும் துப்பும்

2017ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, பி. பி. சி.யின் முதலாம் தொலைக்காட்சி அலைவரிசையில் ‘அப்பிள் ட்ரீ யார்ட்’ என்னும் புதிய நாடகமொன்று தொடங்கியது. லூயிஸ் டௌட்டி என்பார் 2013இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது அது. அன்றிரவு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோருள் ஒரு சிறு கூட்டத்தார் அந்த நாடகத்தைக் காண அமரவில்லை. சில நிமிடங்களில் அது கலைந்துவிடும், திரை மாறும், ஒரு கிழமைக்கு முன்னர் முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ‘ஷெர்லொக்’ தொடரின் மெய்யான இறுதிப் பகுதி அதனுள்ளிருந்து வெளிப்படும் என்று நம்பி அவர்கள் காத்திருந்தனர். திரை மாறவில்லை. வந்த நாடகம் தன் கதையையே சொல்லிச் சென்றது.

இச்செய்தியைக் கேட்ட மாத்திரத்தே நகைக்கத் தோன்றும். நாமும் நகைத்தவர்களே. ஆயினும் நகைத்து ஓய்ந்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தான் நேசிக்கும் ஒன்றிலே குற்றம் காணும் ஒருவன் அக்குற்றத்தை என்ன செய்தல் வேண்டும்? அதனைக் காணாதவன்போல இருக்கலாம், மன்னிக்கலாம், அதற்கொரு காரணம் கற்பிக்கலாம், குற்றமே அன்று, அங்கேதான் உட்பொருள் இருக்கிறது என்றுங் கூறலாம். துப்பறியும் நாடகமொன்றின் ரசிகர்களிடமிருந்து எழுவதனால் இக்கேள்வி சிறுபிள்ளை விவகாரமாகிவிடாது. நூல்களையும் இயக்கங்களையும் தலைவர்களையும் நேசிப்போர் முன்னும் இதே கேள்வி நிற்கிறது.

ஆதர் கொனன் டொயில் 19ஆம் நூற்றாண்டிற் படைத்த துப்பறிவாளனை 21ஆம் நூற்றாண்டு லண்டனிற் குடியேற்றி, ஸ்டீவன் மொஃபற், மார்க் கேற்றிஸ் ஆகிய இருவர் அமைத்த தொடர் ‘ஷெர்லொக்’. 2010 ஜூலை முதல் 2017 ஜனவரி வரை 13 பகுதிகளே வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடுவது. முதலிரு பருவங்கள் பெற்ற புகழ் நியாயமானதே என்பது நம் கருத்து. நான்காம் பருவமோ தடுமாறியது. ஜனவரி 8ஆந் திகதி ஒளிபரப்பான பகுதி, டொக்டர் வாட்சனை நோக்கி ஒரு பெண் துப்பாக்கியை நீட்டிச் சுடுவதோடு முடிவுற்றது. பார்வையாளர் ஒரு கிழமை முழுவதும் மூச்சடக்கிக் காத்திருந்தனர். 15ஆந் திகதி வந்த பகுதியில் வாட்சன் நலமே இருக்கிறான். சுட்டது மயக்கமருந்தினால் என்ற ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்தது. பின்னர் பேக்கர் தெரு வீட்டிற் குண்டு வெடிக்கிறது. யன்னல் வழியே வெளியிற் பாய்ந்த ஹோம்ஸும் வாட்சனும் சற்று நேரத்திற் கடல்மேற் செல்கின்றனர், காயத்தின் சுவடேயின்றி. இறுதியில் வாட்சன் பாழுங்கிணறொன்றின் அடியிற் கால்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டு நிற்கிறான். நீர் ஏறுகிறது. மேலிருந்து ஒரு கயிறு விழுகிறது. அவன் பிழைத்துக்கொண்டான். சங்கிலியைக் கழற்றியவர் யார்? கயிறு சங்கிலியைக் கழற்றுவதில்லை.

ரசிகர்கள் கூடிக் கூடி வாதிட்டனர். ஒரு சாரார் இவற்றைப் பிழையென்றே கூறினர். எழுதியவர்கள் களைத்துவிட்டனர், அல்லது அலட்சியராகிவிட்டனர் என்றனர். மற்றொரு சாரார் காட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி நோக்கினர். அவர்கள் அடைந்த முடிவு பின்வருமாறு சென்றது. இத்துணைக் கூர்மதி படைத்தோர் இத்துணைப் பெரும் பிழைகளைச் செய்யார். ஆகவே இவை பிழைகள் அல்ல. பிழைகள் அல்லவெனின் வேண்டுமென்றே இடப்பட்ட குறிகள். குறிகளெனின், நாம் கண்டது யாரோ ஒருவரது மயக்கத்திலோ கற்பனையிலோ நிகழ்ந்த பொய்க் கதை. பொய்க் கதையொன்று காட்டப்பட்டதெனின் மெய்க் கதை எங்கோ மறைத்து வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அடுத்த ஞாயிறு, அதே நேரம், அதே அலைவரிசை: புதிய நாடகம் வெறும் உறை.

இந்தத் தருக்கத்தில் ஒவ்வோர் அடியும் அதற்கு முந்திய அடியின்மீது செவ்வையாகக் காலூன்றி நிற்பதை வாசகர் கவனிக்கலாம். முதலடி மாத்திரமே அந்தரத்தில் நிற்கிறது. அதுவும் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்லிவிட முடியாது. 2016ஆம் ஆண்டுப் பிறப்பன்று வெளிவந்த சிறப்புப் பகுதியில், விக்ரோரியா காலத்தில் நிகழ்வதாகக் காட்டப்பட்ட கதை முழுவதும் ஹோம்ஸின் மூளைக்குள் நிகழ்ந்ததென்று பிற்பாதியில் வெளிப்படுத்தியவர்கள் இதே ஆசிரியர்கள்தாம். ஒருமுறை செய்தவர் மறுமுறையுஞ் செய்யலாமே!

அன்றியும், துப்பறியும் கதை தன் வாசகனை எவ்வாறு பழக்குகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்றாட வாழ்க்கையிற் சப்பாத்தில் ஒட்டிய சேறு சேறுதான். துப்பறியும் கதையிலோ அது இன்ன தெருவிலிருந்து, இன்ன மழையின் பின், இன்ன காரியத்தின் பொருட்டு வந்தது என்று பேசும். அங்கே எந்தப் பொருளும் சும்மா கிடப்பதில்லை. எந்தக் கடிகாரமும் தானாக நிற்பதில்லை. கொலையாளியும் ஆசிரியனுமே அவ்வுலகில் யாவற்றையும் அமைப்பவர்கள். தற்செயலுக்கு அங்கே இடமில்லை. 1887இல் வெளிவந்த முதற் கதையில், வாட்சனைக் கண்டவுடனே அவன் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தவன் என்று ஹோம்ஸ் அறிந்துகொள்வதைப் படித்து வியந்தவர்கள், அதே கண்ணை ஹோம்ஸின் நாடகத்தின்மீதே திருப்பினர். ஆசானின் வித்தையை ஆசானிடமே காட்டினர் எனலாம். இதனை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட்டு, வாராவாரம் எதைக் கண்டோமென்பதே நினைவின்றிப் பார்த்துவிட்டு உறங்கச் செல்பவனை அறிவாளி என்று கொள்வதற்கு நாம் தயாரில்லை.

ஆசிரியர்களும் இத்தீக்கு நெய் வார்த்தவர்களே. 2012 ஜனவரி 15ஆந் திகதி ஹோம்ஸ் சென்ற் பர்தொலொமியூ மருத்துவமனையின் கூரையிலிருந்து வீழ்ந்தான். பகுதியின் கடைசிக் காட்சியில் தன் கல்லறையைத் தானே தூரத்திலிருந்து பார்த்து நின்றான். எவ்வாறு பிழைத்தான்? எல்லோரும் தவறவிட்ட துப்பு ஒன்று உண்டென்று மொஃபற் பத்திரிகைக்குக் கூறினார். அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கேள்வி கேள்வியாகவே விடப்பட்டது. விழுந்த கோணம், பாதையில் நின்ற வாகனம், நாடித்துடிப்பை நிறுத்தும் உபாயம் என்று ஆராய்ச்சிகள் பெருகின. நாடகத்துக்கு ஒரு சதச் செலவுமின்றி விளம்பரம் நடந்தது. 2014ஆம் ஆண்டுப் பிறப்பன்று வந்த விடை என்ன? ஹோம்ஸ் உயிரோடிருக்கிறான் என்று நம்புவோரின் கூட்டமொன்றை நாடகத்துக்குள்ளேயே அமைத்து, அவனுடைய தொப்பியை ஒத்த தொப்பிகளை அவர்களுக்கு அணிவித்து, அவர்களது ஊகங்களை வேடிக்கையாகக் காட்டினர். இறுதியாக ஹோம்ஸே ஒரு விளக்கம் சொல்கிறான். அதைக் கேட்டவனுக்கும் திருப்தியில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு உழைத்தவனைப் பரிகசிக்கும் வழக்கம் தொழிற்சாலைக்கு மாத்திரம் உரியதன்று.

ஹோம்ஸைப் பற்றிய இத்தகைய ஆராய்ச்சி புதியதுமன்று. 1911இல் ரொனால்ட் நொக்ஸ் என்னும் இளம் அறிஞர் ஒக்ஸ்போர்ட் மாணவர் முன்னிலையில் ஒரு கட்டுரை வாசித்தார். டொயில் 1893இல் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திக் கொன்றுவிட்டு, பத்தாண்டுகளின் பின் 1903இல் மீட்டுக் கொணர்ந்தார் என்பது பலரும் அறிந்ததே. மீண்டுவந்த ஹோம்ஸ் முந்திய ஹோம்ஸோடு பொருந்தவில்லை என்று காட்டி, முற்பகுதிக் கதைகள் நடந்தவை, பிற்பகுதிக் கதைகள் வாட்சனாற் புனையப்பட்டவை என்று நொக்ஸ் வாதிட்டார். விவிலியத்தைப் பகுத்து, இன்ன அதிகாரம் மூலத்துக்கு உரியது, இன்னது இடைச்செருகல் என்று கண்ட ஜெர்மானிய ஆராய்ச்சியாளரைக் கேலி செய்வதே அவரது நோக்கம். தம் வாதத்துக்கு வாய்ப்பாக, இல்லாத ஜெர்மானியப் பேராசிரியர்களையும் அவரே படைத்துக்கொண்டார். டொயிலுக்கு இது வியப்பைத் தந்தது; இப்படியும் பாடுபட ஒருவர் உண்டா என்ற பாங்கில் நொக்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

இதிலிருந்து ஒரு விளையாட்டுப் பிறந்தது. வாட்சன் யுத்தத்திற் பெற்ற குண்டுக் காயம் முதற் கதையிலே தோளில் இருக்கிறது. 1890இல் வந்த இரண்டாவது கதையிலே காலில் இருக்கிறது. அவன் பெயர் ஜோன். ஒரு கதையில் அவன் மனைவி அவனை ஜேம்ஸ் என்று அழைக்கிறாள். துப்பறியும் நாவலாசிரியை டொரதி சேயர்ஸ், வாட்சனின் நடுப்பெயருக்குரிய ‘எச்’ என்ற எழுத்து ஹேமிஷ் என்பதன் சுருக்கமென்றும், ஹேமிஷ் என்பது ஜேம்ஸுக்கு ஸ்கொத்லாந்து வழக்கென்றும், மனைவி செல்லமாக அதையே மொழிபெயர்த்து அழைத்தாளென்றும் நிறுவினார். தொலைக்காட்சித் தொடரின் ஆசிரியர்கள் இவ்விரண்டையும் எடுத்தாண்டனர்: அவர்களுடைய வாட்சனுக்குக் காயம் தோளிலும் நொண்டல் மனத்திலுமாக அமைந்தது, நடுப்பெயர் ஹேமிஷ் ஆயிற்று. பிழையைக் களைய ரசிகர் சொன்ன சமாதானம் அடுத்த படைப்பின் பகுதியாகிவிட்டது. ஆனால் சேயர்ஸுக்கு ஒன்று தெரியும். டொயில் மறந்துபோனார் என்பதே உண்மை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, முகத்திற் சிரிப்பு வராமல் ஆடுவதுதான் ஆட்டம். டொயிலும் அப்படியொன்றும் மறைத்தவரல்லர். தரையிற் பதிந்த தடத்தைக் கொண்டு துவிச்சக்கர வண்டி எத்திசையிற் சென்றதென்று ஹோம்ஸ் கூறியது பிழையென வாசகர் பலர் எழுதியபோது, தாமே வண்டியொன்றை எடுத்துச் சென்று பரிசோதித்து, வாசகர் சொன்னதே சரியென்று கண்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொண்டார். எழுதியவரே வண்டியை எடுத்துக்கொண்டு சென்று பார்த்தார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

நம்முடைய இலக்கணகாரர் இவ்விஷயத்திற் பழுத்த அனுபவம் உடையவர்கள். வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்றாகப் பகுத்தனர். பசுவொன்றை மகிழ்ச்சி மிகுதியாற் பெற்ற தாயாகவே சொல்லி உயர்திணை முடிவு கொடுத்தால் அது வழுதான். எனினும் உவப்பு என்னும் காரணம் இருத்தலின் அமைத்துக்கொள்ளப்படும். காரணமின்றி அமைத்துக்கொள்ள இடமில்லை என்பதே இதன் உயிர். வழுவை வழுவென்று முதலிற் சொல்லிய பின்னரே அதனை அமைக்கலாம். ஆனால் அதே மரபிலே மற்றொரு போக்கும் உண்டு. சூத்திரத்தில் ஒரு சொல் வேண்டாது மிகையாக வந்திருக்கக் கண்டால், உரையாசிரியர் அதனை மிகையென்று விட்டுவிடமாட்டார். அந்த மிகையைக் கொண்டே சூத்திரம் சொல்லாத வேறொரு விதியையும் வருவித்துக்கொள்வார். ஆசிரியன் வீணே ஒரு சொல்லைப் பெய்யான் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை. பேக்கர் தெருவின் ரசிகர்கள் சேனாவரையரையும் நச்சினார்க்கினியரையும் கேள்வியுற்றிருக்கமாட்டார்கள். இருந்தும் அவர்களுக்குப் பக்கத்துத் திண்ணையிலேதான் அமர்ந்திருக்கின்றனர். வகுப்பறையிலே, தெளிவற்ற ஒரு கவிதையடியை மாணவன் தெளிவற்றது என்றதும், அங்கேதான் தொனி இருக்கிறது என்று அவனை அடக்கிவிட்ட ஆசிரியர்களும் அத்திண்ணையிற் சிறிது இடம் பெறத் தகுந்தவர்கள். நாமும் அவ்வாறு அடக்கியதுண்டு.

‘ஆசிரியன் வீணே ஒன்றையும் செய்யான்’ என்ற நம்பிக்கை சூத்திரத்துக்குப் பொருந்துமோ பொருந்தாதோ, திரைத் தொழிலுக்குச் சற்றும் பொருந்தாது. தொலைக்காட்சி நாடகம் ஒருவரது மூளையிலிருந்து முழுமையாக இறங்கி வருவதில்லை. ‘ஷெர்லொக்’ தொடரில் நாம் காணும் பேக்கர் தெரு வாசல் உண்மையில் லண்டன் வட கோவர் தெருவில் உள்ளது. வீட்டின் உட்புறமோ வேல்ஸ் நாட்டிற் படப்பிடிப்புக் கொட்டகையில் அமைக்கப்பட்டது. ஹோம்ஸ் லண்டனிலே கதவைத் திறந்து வேல்ஸிலே படியேறுகிறான். இரண்டுக்குமிடையிற் பல நாட்கள் கழிந்திருக்கலாம். கதையின் ஒழுங்கிற் காட்சிகள் எடுக்கப்படுவதில்லை. ஓரிடத்துக்குரிய காட்சிகளையெல்லாம் ஒருங்கே எடுப்பதே செலவுக்குச் சிக்கனம். ஆதலினாலே, எந்தக் கையிற் கோப்பை இருந்தது, சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, கழுத்துத்துணி எந்தப் பக்கம் முடிந்திருந்தது என்று ஒவ்வொரு எடுப்பிலும் குறித்து வைப்பதற்கென்றே ஒருவர் கமெராவின் அருகில் அமர்ந்திருப்பார். காட்சித் தொடர்ச்சி பார்க்கும் இவ்வேலை நெடுங்காலம் பெண்களின் வேலையாகவே இருந்தது. பெண்கள் வேலையென்று கருதப்பட்டதனால் அதற்குரிய மதிப்பும் கூலியும் குறைவாகவே இருந்தன. இயக்குநரின் பெயரை அறிந்தவர்கள் அவருடைய பெயரை அறியார். தொடர்ச்சி சரியாக இருக்கும்போது அவர் இருப்பதே எவருக்கும் தெரிவதில்லை. தவறியபோது மாத்திரம் ‘இதை யார் பார்த்தது?’ என்று தேடுவர்.

தவறு சில வேளைகளில் தெரிந்தே விடப்படுகிறது. புகழ்பெற்ற படத்தொகுப்பாளரான வோல்ற்றர் மேர்ச், ஒரு வெட்டைத் தீர்மானிக்கும்போது எவற்றை நோக்கவேண்டுமென 1995இல் வெளியான தம் நூலில் நூற்றுவீதங்களாக வகுத்தபோது, உணர்ச்சிக்கு 51 வழங்கினார். பொருள்களும் மனிதரும் வெளியில் எங்கெங்கே நிற்கின்றனர் என்ற தொடர்ச்சிக்குக் கடைசி இடமும் 4 வீதமுமே கொடுத்தார். நடிகன் ஒருமுறை உருக்கமாக நடித்துவிட்டால், அந்த எடுப்பிற் கோப்பை இடம் மாறியிருப்பினும் அதுவே படத்திற் சேரும். ஆகவே கோப்பை இடம் மாறியதற்கு ஓர் உட்பொருள் உண்டுதான். அன்றைய வெளிச்சம், அன்றைய பணம், அன்றைய களைப்பு, பலருடைய கை என்பவையே அது. அந்த வழுவினூடாக வேலை செய்தோரின் முகம் ஒரு கணம் தெரிகிறது. அதனை ஆசிரியனின் மறைகுறி என்று கொண்டாடும் ரசிகன், யாவற்றையும் அறிந்து யாவற்றையும் திட்டமிட்ட ஒரு கடவுளைப் படைத்துக்கொண்டு, அத்தனை தொழிலாளரையும் படத்திலிருந்து அழித்துவிடுகிறான். பொருளுக்குள் உறையும் உழைப்பைப் பற்றி மாணவர்க்கு நாள்தோறும் விளக்கும் நாம், இதனைக் கண்டும் காணாதிருத்தல் இயலாது.

எனினும், மறைவான பொருளைத் தேடுவதே தவறு என்று சொல்லிவிடுவது எளிய தப்பித்தல். மறைக்கப்படும் விஷயங்கள் உலகில் உண்டு. அவற்றை மறைப்போர் விடும் தவறுகளாலேயே அவை வெளிப்படுவதும் உண்டு. தேடல் எப்பொழுது ஆராய்ச்சியாகிறது, எப்பொழுது பக்தியாகிறது? டொயிலின் கதையொன்றே இங்கு உதவுகிறது. 1892இல் வந்த பந்தயக் குதிரைக் கதையில், இரவிலே குதிரை லாயத்துக்குள் ஒருவன் நுழைந்தும் நாய் குரைக்கவில்லை. குரைக்காமையே துப்பு: வந்தவன் நாய்க்குப் பழக்கமானவன். இன்மையிலிருந்து உண்மை கண்ட இந்த இடத்தையே ரசிகர்கள் தமக்கு ஆதாரமாகக் கொள்ளக்கூடும். ஆனால் நாய் குரைத்திருந்தால் ஹோம்ஸின் முடிவு தகர்ந்திருக்கும் என்பதை மறத்தலாகாது. ‘ஷெர்லொக்’ ரசிகர்களின் நாயோ எப்படி நடந்தாலும் சாட்சி சொல்லும். ஆசிரியர்கள் மௌனம் சாதித்தால் இரகசியம் காக்கிறார்கள். மறுத்தால் இரகசியம் காப்பதற்காகப் பொய் சொல்கிறார்கள். நாடகம் நன்றாக இருந்தால் அவர்கள் மேதைகள். மோசமாக இருந்தால் அதனினும் பெரிய மேதைகள். கார்ல் பொப்பர் 1934இல் இத்தகைய கொள்கைகளை அளக்க ஒரு தராசு செய்தார்: எது நிகழ்ந்தால் உன் கொள்கை பிழையென்று ஒப்புவாய் என்பதே அவர் கேள்வி. அத்தராசை அவர் மார்க்சியத்தின்மீதே உயர்த்திப் பிடித்தார் என்பதை நாம் அறிவோம். எதிரியின் கையிலிருந்தது என்பதற்காகத் தராசைக் குப்பையில் எறிந்துவிட வேண்டுவதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறிய ரசிகர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவை இழந்தனர். நம்மவர் அதே கேள்வியைக் கேட்கத் தவறிய சந்தர்ப்பம் ஒன்றை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

1936 ஆகஸ்டில் மொஸ்கோவில் சினோவியேவ், காமெனேவ் முதலிய 16 பேர் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஹோல்ட்ஸ்மன், 1932 நவம்பரிற் கோப்பன்ஹேகன் நகரிலே பிரிஸ்டல் ஹோட்டலில் ட்ரொட்ஸ்கியின் மகன் செடோவைச் சந்தித்ததாகவும், அங்கிருந்து ட்ரொட்ஸ்கியிடம் சென்றதாகவும் வாக்குமூலம் அளித்தார். எல்லோரும் சுடப்பட்டனர். அதன் பின்னர் டென்மார்க்கின் சமூக ஜனநாயகப் பத்திரிகை ஒரு சிறு செய்தியை வெளியிட்டது. பிரிஸ்டல் ஹோட்டல் 1917இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. கதையை எழுதியவர்கள் காட்சித் தொடர்ச்சியைப் பார்க்க மறந்துவிட்டனர்! உலகெங்கும் இருந்த விசுவாசிகள் என்ன செய்தனர்? கோப்பன்ஹேகனில் ஒரு ஹோட்டலின் அருகே பிரிஸ்டல் என்ற பெயரில் ஒரு சிற்றுண்டிச்சாலை உண்டு, சாட்சி அதனையே கருதியிருப்பார் என்றனர். வாட்சனின் தோட்காயம் காலுக்கு இறங்கியதற்குச் சொல்லப்படும் சமாதானத்தைவிட இது எவ்வகையிலும் திறமை குறைந்ததன்று. ஜோன் டூயி தலைமையிலான விசாரணைக் குழு 1937இல் விஷயத்தை ஆராய்ந்து, வழக்கே ஜோடிக்கப்பட்டதென முடிவு செய்தது. சோவியத் உச்ச நீதிமன்றம் 1988இல் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. சமாதானம் சொன்னோருட் பெரும்பாலார் கெட்டவர்கள் அல்லர். வேலையில்லாதோர் வரிசையையும் பாசிசத்தையும் கண்ணாற் கண்டு, ஒரே நம்பிக்கையாக ஒரு நாட்டை நேசித்தவர்கள். அந்த நேசத்தின் பெயரால், இல்லாத கட்டடத்துக்குள் ஒரு மனிதனை அனுப்ப ஒப்பினர். 1940இல் லங்கா சமசமாஜக் கட்சி பிளவுண்டபோது இரு மருங்கிலும் நின்றோரின் வழிவந்தவர்கள் இப்பக்கத்தைப் படிக்கக்கூடும். யாரையும் நோகடிக்க இதனை எழுதவில்லை.

ஒன்று கவனிக்கத்தக்கது. மொஸ்கோ வழக்கில் வழுவைத் துப்பாகக் கொண்டவர்களே சரியானவர்கள். வழுவை அமைத்துக்கொண்டவர்களே தவறியவர்கள். ‘ஷெர்லொக்’ விஷயத்தில் அது தலைகீழ். ஆகையாற் சந்தேகிப்பதோ நம்புவதோ தன்னளவில் ஒருவனைக் காப்பாற்றாது. டென்மார்க் பத்திரிகைக்காரர் செய்தது எளிய காரியம்: ஹோட்டல் இருந்ததா என்று பார்த்தனர். இருந்திருந்தால் அவர்கள் வாய்மூடியிருக்க வேண்டும். 2013இலேயே அச்சாகிக் கடைகளில் விற்பனையான நாவலொன்றை எடுத்துப் பார்த்திருந்தால், அப்பிள் ட்ரீ யார்ட் வெறும் உறையன்று என்று 2017இற் காத்திருந்தோருக்கும் தெரிந்திருக்கும். புத்தகம் இருப்பதும் திட்டத்தின் பகுதியே என்று சொல்லத் தொடங்கியவனோடு மேலும் பேசுவதற்கு எதுவுமில்லை.

ஆயினும் அவர்களுள் ஒரு பெரும் பகுதியினரின் காத்திருப்புக்குப் பின்னால் இருந்த ஆசையை நாம் இகழ்வதற்கில்லை. ஹோம்ஸும் வாட்சனும் ஒருவரையொருவர் காதலிப்பவர்கள் என்றும், மறைந்துள்ள இறுதிப் பகுதியில் அது வெளிப்படையாகச் சொல்லப்படும் என்றும் அவர்கள் நம்பினர். ஆணை ஆண் நேசிப்பது இங்கிலாந்திலே 1967 வரை குற்றமாக இருந்தது. அதன் பின்னரும் ஒரு பகுதியே சட்டத்தின் பிடியிலிருந்து நீங்கியது. அமெரிக்கத் திரைப்படங்களில் 1934இலிருந்து நெடுங்காலமாக, தணிக்கை விதி அத்தகைய நேசத்தைப் பெயர் சொல்லிக் காட்ட விடவில்லை. அந்நாட்களில் அப்படிப்பட்டோர் தம் வாழ்க்கையைத் திரையிற் காண விரும்பினால், ஒரு பார்வையையும் ஒரு கைக்குட்டையையும் ஒரு அரைகுறை வாக்கியத்தையும் கொண்டே கண்டுகொள்ள வேண்டியிருந்தது. எழுதியவர்கள் மெய்யாகவே மறைத்தனர். பார்த்தவர்கள் மெய்யாகவே கண்டுபிடித்தனர். குறிப்பறிதல் அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று. பசிக்குச் சோறு போன்றது. அந்தப் பயிற்சியின் வாரிசுகளிடம், ‘ஏன் இல்லாததைத் தேடுகிறீர்கள்?’ என்று வயிறு நிறைந்தவன் கேட்பது அழகன்று. தொடரின் ஆசிரியர்களோ முதற் பகுதியிலேயே வீட்டுக்கார அம்மாள் இருவரையும் தம்பதிகளாக எண்ணுவதாக அமைத்து, அவ்வேடிக்கையைப் பருவந்தோறும் தொடர்ந்தனர். வெளியிற் கேட்டபோது அப்படியொன்றும் நடவாதென மறுத்தனர். விருந்தின் மணத்தைத் தெருவரைக்கும் பரப்பிவிட்டு, வந்து நிற்பவரிடம் உமக்கு இலை போடவில்லையே என்று சொல்வது போன்றது இது.

ஆசை நியாயமானது என்பதனாற் சான்று சான்றாகிவிடாது. இங்கேதான் நாம் அவர்களோடு உடன்பட முடியாமற் போகிறது. தமக்குரிய இடம் அந்நாடகத்தில் மறுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தால் அது ஒரு நியாயமான குற்றச்சாட்டாக இருந்திருக்கும். எழுதியவர்கள் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பர். அவ்விடம் கொடுக்கப்பட்டுவிட்டது, மறைவாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னதன் மூலம், குற்றச்சாட்டைத் தாமே வாபஸ் வாங்கிக்கொண்டனர். மொஃபற்றும் கேற்றிஸும் இதனினும் இலகுவான வாசகர்களை விரும்பியிருக்க முடியாது.

அன்றிரவு பத்து மணிக்கு ‘அப்பிள் ட்ரீ யார்ட்’ நாடகத்தின் முதற் பகுதி முடிந்தது. காத்திருந்தோருட் சிலர் நாளை மாத்திரம் தள்ளிவைத்தனர். வேறு சிலர் தாம் ஏமாந்ததை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டனர். பகைவரின் நகைப்பையும் கூட்டாளிகளின் கோபத்தையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு அவ்வாறு சொல்வது இலேசான காரியமன்று. அவர்களுட் பலர் பேனாவைக் கீழே வைக்கவுமில்லை. தமக்கு வேண்டிய கதையைத் தாமே எழுதினர், இன்னும் எழுதுகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை இலக்கியமாகத் தேறா. ஆனால் அவற்றுள் ஏதேனும் ஒன்றில் யாரேனும் ஒருவர், கையில் ஒரு சாவியோடு, அந்தக் கிணற்றுக்குள் இறங்கியிருத்தல் கூடும்.